சாவீட்டில் சொல்லாத சொல்

2024 நவம்பர் 9, சனி

இன்றைய நிகழ்ச்சி ஒல்லாந்தர் காலத்து நாணயங்கள். நூதனசாலையின் கூரையைப் பிரித்துப்போட்டு மாதக்கணக்காகிறது. திருத்த வேலை எப்போது முடியும் என்று கேட்டால் ஒப்பந்தக்காரர் வானத்தைப் பார்க்கிறார். அதுவரை காட்சிக்கூடம் பூட்டு. ஆகவே சனிக்கிழமைப் பின்னேரங்களில் இணையத்தில், சூமில், பொதுமக்கள் நிகழ்ச்சி. நடத்துகிறவள் நான். தன்னாமுனை வீட்டு முன்னறையில் இருந்தே நடத்துகிறேன், அம்மாவைத் தனியே விட ஏலாது.

முடிக்கும்போது வழக்கம்போல, “எல்லாரும் சுகமாப் போயித்து வாங்க, அடுத்த சனி சந்திப்பம்” என்றேன். பிறகு பொறுப்பதிகாரி அழகரத்தினம் சேர் போன் எடுத்தார். “நிகழ்ச்சி எப்பிடியோ, றஜனி, நீங்க வழியனுப்புற அழகுக்கே ஆக்கள் வருவாங்க.” பாராட்டா நக்கலா? இரண்டும்தான்.

காலையில் நல்ல கூத்து. மின்விசிறி திருத்த வந்த அன்ரோ வேலை முடிந்ததும், “அப்ப நான் போறன் அக்கா” என்று படியிறங்கிவிட்டான். அம்மா குசினிக்குள் இருந்து கத்தினா. “டேய், வா இஞ்ச! இரு. தண்ணி குடி. மறுகா ஒழுங்காச் சொல்லித்துப் போ.” பிள்ளைகுட்டிக்காரன், பாவம், கதிரை நுனியில் இருந்து தண்ணீர் குடித்து, “போயித்து வாறன் மாமி” என்று சொல்லித் தப்பினான்.

இந்த வீட்டில் ‘போறன்’ என்ற சொல் கிடையாது. அப்பா அதைச் சொல்லிவிட்டுப் போனவர். எழுபத்தெட்டாம் ஆண்டு சூறாவளியன்று பின்னேரம், தோணியைக் கரையில் இழுத்துக் கட்டப் புறப்பட்டவரை அம்மா மறித்திருக்கிறா. “தோணி போனா நாளைக்குச் சோத்துக்கு என்ன செய்யிற?” என்று அப்பா சண்டை. கோபத்தில் “போறன்” என்றாராம். தோணியும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

வீட்டை இரண்டு தரம் இடித்துக் கட்டியாயிற்று. முன்கதவை மட்டும் அம்மா மாற்ற விடவில்லை. அந்த இரவு நாங்கள் இருவரும் முதுகு கொடுத்துத் தாங்கிய கதவு. பொழுதுபட்டால் இன்றைக்கும் தானே போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பா.

நவம்பர் 13, புதன்

களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். சீதேவிப்பிள்ளை அக்காவின் சாவீடு. எங்கள் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவ, எனக்கு வேலை பழக்கினவ. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஒன்றும் பேசாமல் எழும்பி, திரும்பிப் பாராமல் வந்து பஸ் ஏறினேன்.

வீட்டுப் படியேறும் முன்பே அம்மா கேட்டா: “சொல்லாமத்தானே வந்தநீ?”

“ஓம் அம்மா. எனக்குத் தெரியாதா?”

“சாவீட்டில போயித்து வாறன், போயித்து வாங்க எண்டு சொன்னா, போனவங்களுக்கும் அது கேக்கும், மகள்.”

பஸ்ஸில் வந்த களைப்பு. சிரித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

நவம்பர் 20, புதன்

இந்தச் சனி சரியாக 23ஆம் திகதி. சூறாவளி வந்த அதே நாள். ஆகவே நினைவுக் கூட்டம். தப்பியவர்கள் பேசுவார்கள், இறந்தவர்களின் பெயர்களை நான் வாசிப்பேன், அவரவர் வீட்டில் கமராவுக்கு முன்னால் விளக்கோ மெழுகுதிரியோ ஏற்றுவார்கள். சேரின் யோசனை. நல்ல யோசனைதான்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “செத்தவங்கட பேரோட அவர்ர பேரை ஏன் வாசிக்கிறாய்? அவர் செத்ததை ஆர் கண்ட?” ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லோரும் சேமக்காலைக்குப் போவார்கள். அம்மா வீட்டிலேயே இருப்பா. கல்லறை இல்லாதவருக்கு எங்கே திரி கொளுத்துவது?

நவம்பர் 23, சனி

நல்ல கூட்டம். கனடாவில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். உன்னிச்சையில் இருந்து ஒரு பெரியவர், வயல் வட்டைக்குள் மாடுகள் காற்றில் உருண்டு போனதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். ஏறாவூர் நிஸ்றா ரீச்சர் ஒரு நிகழ்ச்சியும் தவறவிடாதவ. இன்றுதான் தன் குடும்பத்துக் கதையைச் சொன்னா. அவ பிறக்கும் முன்னரே அவவின் காக்கா, அதாவது அண்ணன், அந்தச் சூறாவளித் தண்ணீரில் போய்விட்டாராம். நாலு வயது. ஒரு படம்கூட இல்லை. “உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெத்தியில பிறைமாதிரி ஒரு தழும்பாம்.”

பெயர்களை வாசித்தேன். இராயப்பு என்று அப்பாவின் பெயர் வந்தபோது குரல் உடையவில்லை. சந்தோஷப்பட்டேன். மௌனம். திரை முழுக்கச் சுடர்கள். 

அந்த அமைதியை முடித்துவைக்க வேண்டுமே என்ற அந்தரத்தில் வாய் தானாகத் திறந்தது. “எல்லாரும் சுகமாப் போயித்து வாங்க. அடுத்த சனி சந்திப்பம்.”

எல்லாச் சுடரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கனடாவில் எரிந்ததும், ஏறாவூரில் எரிந்ததும். என் மேசையில் எரிந்ததும்.

நிஸ்றா ரீச்சர் எழுதி அனுப்பினா: “அக்கா, மையத்தூட்டுல சொல்லுற சொல்லா இது?” அவர்களுக்கு மையத்தூடு, எங்களுக்குச் சாவீடு.

அம்மா அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா. வந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தா. பிறகு இன்னொருக்கா.

நவம்பர் 24, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஒரு சொல்லுக்கு இவ்வளவு யோசிக்கிறதா? படித்தவள்தானே நான்.

நவம்பர் 30, சனி

கிழமை முழுக்க மழை, வெள்ளம். பாதைகள் எல்லாம் துண்டிப்பு. இன்றைக்குத்தான் கரண்ட் போகாமல் நின்றது. ஆட்கள் குறைவாக வருவார்கள் என்று நினைத்தேன்.

காத்திருப்பு அறை நிறைந்து கிடந்தது. பெயர் போடாத ஆட்கள். வெள்ளத்துக்குள் யாருடைய போனிலாவது வருகிறார்களாக்கும் என்று எல்லோரையும் உள்ளே எடுத்தேன். கறுப்புச் சதுரங்கள். குரல் இல்லை. பழைய வரைபடங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கையில் அந்தச் சதுரங்கள் மெல்ல வெளுத்தன. மழை பெய்கிற இடம். ஒன்றில் கூரையில்லாத சுவர். இன்னொன்றில் தலை முறிந்த தென்னைகள். ஆட்கள் தூரத்தில், முதுகு காட்டி நின்றார்கள்.

வெள்ளச் சேதத்தைக் காட்டுகிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். முடிவில், பழக்கதோஷம், மீண்டும் அதே வழியனுப்பு. சொன்னதும் அந்த முதுகுகள் எல்லாம் என் பக்கம் கிறுகித் திரும்பின.

மடிக்கணினியை மூடிவிட்டேன். பிளேன்ரீ ஊற்றப் போன இடத்தில் சீனி எல்லாம் கொட்டுப்பட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

சேரிடம் சொன்னேன். நிகழ்ச்சியின் வீடியோப் பதிவைப் போட்டுப் பார்த்தார். அதில் அந்தச் சதுரங்களே இல்லை, வழக்கமான ஆட்கள் மட்டும். “லிங்கை முகநூலில போட்டா கண்டவனும் வருவான், றஜனி. பாஸ்வேர்ட் ஒண்டு போடுங்க.” பிறகு கொஞ்சம் இரக்கமாக, “லீவு வேணுமெண்டா எடுங்க” என்றார். வேணாம் என்றேன்.

டிசம்பர் 7, சனி

பாஸ்வேர்ட் போட்டேன். காத்திருப்பு அறையில் ஒரு பெயரில்லாத ஆளும் இல்லை. அப்பாடா என்று தொடங்கினேன். பறங்கியரின் வயலின் பற்றி இன்று பேச்சு. வில்லைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது பார்த்தால், உள்ளே நிற்கிறார்கள். நான் எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா. எனக்குப் பின்னால் நின்றவ நின்றபடியே நின்றா. கோப்பை சரியும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

“உன்ட அப்பா,” என்றா.

கடைசி வரிசையில், சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு ஆள். நனைந்த தலை. எனக்கு அவருடைய முகம் கலியாணப் படத்தில்தான் ஞாபகம். அந்த முகம்தான். முப்பத்துநாலு வயது. என்னைவிட இருபது வயது இளையவர்.

பயத்தில் நான் சொல்லக் கூடாது என்பதையே மறந்து, பழகினதைச் சொல்லி முடித்தேன். போயித்து வாங்க. என்ட வாய்க்கு என்ன வந்தது?

டிசம்பர் 10, செவ்வாய்

அம்மா ஆளே மாறிவிட்டா. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த நீலச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறா. இரண்டு நேரமும் சாப்பிடுகிறா. தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, “இண்டைக்கு என்ன கிழமை?” என்கிறா. காலையில் ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா.

இவ்வளவு காலமாக இந்த மனுசி இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அவவின் கட்டிலடி ஈரமாக இருக்கிறது. துடைத்தால் துணியில் வாவிப் பாசி மணம்.

டிசம்பர் 14, சனி

எழுதத்தான் வேண்டும்.

அம்மா நீலச் சேலையோடு என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. அப்பா முன்வரிசைக்கு வந்துவிட்டார். சதுரம் முழுக்க அவர் முகம்தான். வாய் அசைகிறது, குரல் மியூட்டில்.

“திறந்து உடு மகள். அவர் என்னவோ சொல்றார்.”

“வேணாம் அம்மா.”

“ஒருக்கா. ஒரே ஒருக்கா, புள்ள.”

மியூட்டை எடுத்தேன். காற்று. அப்படி ஒரு காற்றை நான் வாழ்க்கையில் ஒரு தரம்தான் கேட்டிருக்கிறேன், எட்டு வயதில். பேசிக்கொண்டிருந்த விரிவுரையாளர் காதைப் பொத்தினார். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அந்தக் காற்றுக்குள் பலகையில் கை அடிக்கிற சத்தம். பிறகு அவருடைய குரல், களைத்துப்போய்:

“இஞ்ச… கதவைத் திற புள்ள. நான்தான்.”

நான் இணைப்பை அறுத்துவிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா முன்கதவையே பார்த்தபடி இருந்தா.

“அண்டைக்கு விடியுமட்டும் கதவு அடிச்சது,” என்றா. “நான் காத்தெண்டு நினைச்சன். உன்னையும் சேத்துக் கதவோட அணைச்சுப் பிடிச்சித்து இருந்தன். அவர் வந்திருக்கார், றஜனி. வந்தவரை நான் வெளிய உட்டிருக்கன்.”

அம்மா, அந்தக் காத்தில ஆருக்குத் தெரியும்? ஆருக்கம்மா தெரியும்? எத்தனை தரம் சொல்லியும் அவவுக்குக் கேட்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

நிஸ்றா ரீச்சர் போன் எடுத்தா. அழுது அடைத்த குரல்.

“அக்கா, நீங்களும் காணுறீங்கதானே? மறைக்காதீங்க.”

மறைக்கவில்லை.

“அதுக்குள்ள ஒரு சின்னப் புள்ள நிக்கிது கா. நெத்தியில தழும்பு. என்ட காக்கா. போன மாசம் முழங்காலுக்குத்தான் தண்ணி. இப்ப நெஞ்சுக்கு வந்திட்டு. எனக்கு ரெண்டு மகன்மார். ரெண்டு பேரையும் விடச் சின்னவன் அவன். குளிர்ல நடுங்கிறான்.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“நீங்க கூப்பிட்டீங்க, அவங்க வந்தாங்க. ஒவ்வொரு கிழமையும் வா வா எண்டு கூப்பிட்டா எப்பிடிப் போவாங்க? போன சனி லைன வெட்டினது அனுப்பினதாகாது. சாவீட்டுல எழும்புறமாதிரி ஒண்டும் சொல்லாம எழும்புங்க அக்கா. அவங்களும் பெய்த்திடுவாங்க. உங்கட கையால கூப்பிட்டத்த உங்கட கையாலதான் அனுப்பணும்.”

அவ சொல்வது சரி. எனக்கு அது முதல் நாளே தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையை அனுப்பினால் அப்பாவும் போய்விடுவார். அதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

டிசம்பர் 18, புதன்

சொன்னேன். அம்மா என் மேல் கை ஓங்கவில்லை, அவ்வளவுதான்.

“நான் ஒருக்கா அவரை வெளிய உட்டன். நீ ரெண்டாந்தரம் விடப் போறியா? அப்பன் எண்டு ஒரு சொட்டு இரக்கம் இல்லையா உனக்கு?”

எனக்கும் கோபம் வந்தது. “எனக்கு அப்பா இல்லாமப் பழகிட்டு. நீங்க இல்லாம ஏலாது. கண்ணாடியைப் பாருங்க அம்மா, நீங்க எப்பிடி ஆகிட்டீங்க எண்டு!” அவவின் விரல்கள் தண்ணீரில் ஊறினமாதிரிச் சுருங்கி வெளுத்திருக்கின்றன. தலைமாட்டில் தலையணை நனைந்திருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டா. ஏசினது எனக்கே கவலை.

டிசம்பர் 19, வியாழன்

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டா: “அந்த ஏறாவூர்ப் புள்ளைக்கு என்ன வயசெண்ட?”

“நாலு.”

“தாய்?”

“தாயும் மௌத்தாகிட்டாவாம், போன வருசம்.”

“அப்ப அவ அங்கால தேடுவாதானே.” கண்ணைத் துடைத்தா, வெங்காயமோ என்னமோ. “சரி. நீ சனிக்கிழமை சொல்லாத. ஆனா நான் பக்கத்தில இருப்பன்.”

டிசம்பர் 21, சனி

அம்மா.

டிசம்பர் 24, செவ்வாய்

நேற்று அடக்கம். இன்று வீட்டில் நான் மட்டும். பாலன் குடில் கட்டுகிற சத்தம் அடுத்த வளவில் இருந்து கேட்கிறது. சனிக்கிழமை நடந்ததை இப்போது எழுதாவிட்டால் பிறகு எனக்கே நம்பிக்கை வராது.

நிகழ்ச்சி கரோல் பாட்டுகளைப் பற்றி. வந்தவர்கள் குறைவு, போன கிழமைச் சத்தத்துக்குப் பயந்திருப்பார்கள். நிஸ்றா ரீச்சர் வந்திருந்தா, முக்காட்டால் வாயைப் பொத்தியபடி. அவர்களும் வந்திருந்தார்கள். எல்லோரும். அந்தப் பிள்ளையின் கழுத்துவரை தண்ணீர். நாடியை உயர்த்தி உயர்த்தி மூச்செடுத்தான். அம்மா அவனைப் பார்த்து, “ஐயோ மனே” என்றா.

முடிக்கும் நேரம் வந்தது. நன்றி சொன்னேன். அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். உயிரோடு இருக்கிறவர்கள் குழம்பிப்போய், “மிஸ்? கேக்குதா மிஸ்?” என்றார்கள். பிறகு அவர்களும் போனார்கள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனாலும் யன்னல் கண்ணாடியில் திரை தெரிந்தது. சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிள்ளையை யாரோ ஒரு பெண் தண்ணீரில் இருந்து தூக்கி இடுப்பில் வைப்பதைக் கண்டேன். நிஸ்றா ரீச்சர் ஓவென்று அழுதா. அவவும் போய்விட்டா.

அப்பா மட்டும் நின்றார். கேட்கவில்லை, அழைக்கவில்லை. நிற்கிறார், அவ்வளவுதான்.

அம்மா கதிரையை விட்டு எழும்பினா. என் தலையில் கை வைத்தா. ஐஸ் கை.

“போறன் மகள்.”

எனக்கு உயிர் போய் வந்தது. “என்னம்மா சொல்றீங்க? இருங்க. இருந்து தண்ணி குடிச்சித்து ஒழுங்காச் சொல்லுங்க!” அன்ரோவுக்கு அவ சொன்னதையே அவவுக்குச் சொல்லிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். சிரித்தா என்றுதான் நினைக்கிறேன். பின்னால் தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம் கேட்டது.

தண்ணீரோடு வந்து பார்த்தேன். முன்கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்து கிடந்தது. வெளியில் இன்னும் வெளிச்சம். மழை இல்லை, காற்றும் இல்லை. கதவடியில் கதிரையைப் போட்டு, வாசலைப் பார்த்தபடி அம்மா இருந்தா. மூச்சு இல்லை. நீலச் சேலையின் கரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளிப்படியில் இருந்து உள்ளே, அவவின் காலடிவரை, பெரிய ஈரப் பாதங்கள். திரும்பிப் போன அடையாளம் இல்லை.

திரையில் நான் மட்டும் இருந்தேன், கையில் தண்ணீர்க் கோப்பையோடு.

இதய அடைப்பு என்றார் டொக்டர். ஓம் என்றேன். நேற்று ஊர் முழுக்க வந்தது. சேர் வந்தார். நிஸ்றா ரீச்சர் வந்து என் கையைப் பிடித்தபடி இருந்துவிட்டுச் சொல்லாமல் எழும்பிப் போனா. எல்லோரும் சொல்லாமல்தான் போனார்கள். சாவீடுதானே.

டிசம்பர் 31, செவ்வாய்

வேலைக்கு வரச் சொல்லிச் சேர் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் வாறன் என்றேன்.

அம்மா கடைசியாகச் சொன்ன அந்த ‘போறன்’ என்ற சொல்லைப் பற்றி யோசிக்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை அவ. மறந்தும் சொல்லவில்லை. இந்த வீட்டுக்குள் ஒரு வேலைக்காரனைக்கூட அதைச் சொல்ல விடாத மனுசி. ‘போயித்து வாறன்’ என்றிருந்தால் நான் சனிக்கு சனி அந்தத் திரைக்கு முன்னால் காத்துக்கிடப்பேன், நீலச் சேலையைத் தேடிக்கொண்டு, கட்டிலடி ஈரத்தோடு. அதுதான் தெரிந்தே மற்றதைச் சொல்லியிருக்கிறா.

2025 ஜனவரி 4, சனி

புது வருடத்தின் முதல் நிகழ்ச்சி. களிமண் பானைகள். நல்ல கேள்விகள் வந்தன. பாஸ்வேர்ட்டை எடுத்துவிட்டேன். முடிவில் எல்லோருக்கும் வாய் நிறையச் சொன்னேன்: “சுகமாப் போயித்து வாங்க. அடுத்த சனி சந்திப்பம்.” நிஸ்றா ரீச்சர் கையசைத்து, “பெய்த்து வாறன் அக்கா” என்றா.

அவர்கள் எல்லோரும் போன பிறகும் நான் கூட்டத்தை மூடவில்லை. பக்கத்தில் அம்மாவின் கதிரை. முன்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டிருந்தேன். இருட்டி, நுளம்பு கடிக்கத் தொடங்கும்வரை காத்திருப்பு அறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் வரவில்லை. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன்.